ஜோடி பாஸின் கடைசி நாள்

— கொஞ்சம் கிட்ட வாங்க. கேமராவுல ரெண்டு மூஞ்சியும் தெரியணுமாம்.

— தெரியுதுல்ல.

— உங்க காது மட்டுந்தான் தெரியுது.

— போன மாசம் காதோட உள்ள விட்டாகளே.

— போன மாசம் கேட்டுல வேற ஆளு. இன்னைக்கு மாரிச்செல்வி. சட்டம் பேசும்.

— சார், மேடம், சிரிக்கக்கூட வேண்டாம். ஒட்டி நின்னாப் போதும்... ஆ, அப்படியே. மணிகண்டராஜ், பிரீத்தி. ஜோடி பாஸ். இன்னைக்கோட முடியுதே சார்!

— தெரியும்.

— தெரியும்மா. அதான் வந்தோம்.

— ஒரு மாசம்கூட விடாம வந்திருக்கீங்க. எங்க ஜோர்லேண்ட் ஆரம்பிச்சதுல இருந்து இப்படி ஒரு ஜோடி வந்ததில்லன்னு மேனேஜரே சொன்னாரு. கடைசி முத்திரைக்கு ஒரு சலுகை இருக்கு. சாயங்காலம் வாணவேடிக்கைக்கு முன்வரிசையில ஜோடி சோபா. மைக்குல உங்க பேரச் சொல்லுவோம். போட்டோ எடுத்து, பிரேம் போட்டு, ‘இன்றைய ஜோடி’ன்னு வாசல்ல ஒரு நாள் மாட்டிட்டு உங்ககிட்டயே குடுத்துருவோம்.

— போட்டோ வேண்டாம்.

— போட்டோ மட்டும் வேண்டாம்மா.

— ஏன் மேடம்? நல்ல பிரேமு. தேக்கு மாதிரியே இருக்கும்.

— பிரேம் மட்டும் தருவீகளா?

— பிரேம் மட்டுமா சார்? ...மேனேஜர்கிட்ட கேட்டுச் சொல்றேன்.

*

— போட்டோ இல்லாத பிரேம் எதுக்கு உங்களுக்கு?

— சும்மா குடுக்கிறத ஏன் விடணும். பட்டாசுக் கம்பெனி லைசன்ஸ மாட்டலாம்.

— நல்லவேளை, போட்டோ வேண்டாம்னீக. வாசல்ல மாட்டி, நம்ம வக்கீலு பாத்தாருன்னா?

— அவரு எதுக்குப் பார்க்குக்கு வர்றாரு?

— அவரு மகளுக்கு இந்த வாரம் பொறந்தநாளு. பொறந்தநாளுன்னா உள்ள ஓசியா விடுவாகன்னு நான்தான் சொன்னேன்.

— வக்கீல்கிட்ட பார்க்கப் பத்திப் பேசுனியா?

— ஆபீஸ்ல காத்துக்கிட்டு இருந்தப்ப, பேச வேற என்ன இருக்கு?

— பிரீத்தி, நாம ஒருத்தர ஒருத்தர் பாக்கிறதே இல்லன்னு டைவர்ஸ் மனுவுல எழுதிக் குடுத்திருக்கோம்.

— பாத்தமா? நான் ரைடத்தான பாத்தேன்.

— வியாழக்கிழமை ஜட்ஜு கேட்டா அதையே சொல்லு.

— கேக்க மாட்டாரு. ரெண்டு பேருக்கும் சம்மதமான்னு கேப்பாரு, ஆமான்னு சொன்னா முடிஞ்சுதுன்னு வக்கீலு சொன்னாரு... எப்ப வந்தீக?

— முந்தின பஸ்ஸுல. டீக்கடையில நின்னேன். உன் பஸ் வந்ததும் அந்தப் பக்கம் திரும்பிக்கிட்டேன்.

— பாத்தேன். முதுகு நல்லாத் தெரிஞ்சுது. கம்பெனில என்ன சொல்லிட்டு வந்தீக?

— அட்டைப் பெட்டி லோடு விசயமா மதுரைக்குன்னு.

— மாசா மாசம் அட்டைப் பெட்டியா?

— அண்ணன் ஒண்ணும் கேக்கல. நீ?

— கம்ப்யூட்டர் டிசைன் கிளாஸுன்னு.

— மாசத்துக்கு ஒரு நாள்ல என்னத்தச் சொல்லித் தருவாக?

— எங்க அப்பாவும் அதத்தான் கேட்டாரு. காலண்டர்ல முருகனுக்குப் பின்னாடி ஒளிவட்டம் போடச் சொல்லித் தர்றாகன்னேன். ரெண்டு வருசமா அந்த ஒளிவட்டத்தத்தான் போட்டுக்கிட்டு இருக்கேன்.

— முடிஞ்சுதான்னு கேக்கலையா?

— அச்சாபீஸ் வச்சிருக்கிறவரு. அவசரப்பட்டா கலரு பிசகும்னு அவருக்குத் தெரியும்.

*

— மலைப்பாம்பு ரைடுல முதல்ல ஏறிருவோம். வெயிலு வந்தா கம்பி சுடும்.

— விரைவு வரிசையிலயா, சாதா வரிசையிலயா?

— விரைவு வரிசையப் பாரு. இருக்கன்குடி கோயில்ல ஆடி வெள்ளிக்கு நிக்கிற மாதிரி நிக்கிறாக.

— சலுகை சலுகைன்னு வர்றவங்க எல்லாருக்கும் விரைவுப் பட்டை கட்டி விட்டுட்டான். இப்ப சாதா வரிசைதான் விரைவாப் போகுது.

— இத குரூப்ல எழுதணும்.

— போன மாசமே எழுதிட்டீக. ‘விரைவு வரிசை, ஒரு வேதனை’ன்னு.

— படிச்சியா?

— வருதுல்ல. படிச்சேன்.

— வீட்ட விட்டுப் போன. ‘ஜோர்லேண்ட் ரசிகர்கள்’ வாட்ஸப் குரூப்ப விட்டு மட்டும் போகல.

— அதுல பார்க் அப்டேட் வருது.

— நீயும் அட்மின்தான். என்னைத் தூக்கி வெளிய போட்டிருக்கலாம்.

— போட்டா யாரு எழுதுவா? மத்தவக எல்லாம் காலை வணக்கந்தான் போடுறாக... மாம்பழத் திருவிழாவப் பத்தி நீங்க எழுதுனது நல்லா இருந்துச்சு.

— எது?

— ‘மாம்பழத் திருவிழாவில் மாம்பழம் இல்லை’ன்னு.

— இல்லதான. மாம்பழ உடுப்புப் போட்டுக்கிட்டு ஒரு ஆளு நின்னான், அம்புட்டுத்தான்.

— ‘அவரும் இன்னும் பழுக்கவில்லை’ன்னு கடைசியில ஒரு வரி. அப்பா முன்னாடி சிரிச்சுட்டேன். என்னம்மான்னாரு. ஒளிவட்டம்ப்பான்னேன்.

— பச்சை உடுப்பத் தச்சுக் குடுத்தா வேற என்ன எழுத?... ஏ, அங்கன பாரு, அணிலு வருது.

— ஜோரண்ணன். கை குடுக்குது பாருங்க.

— ஆளு மாறிருச்சு.

— எப்படிச் சொல்றீக? பொம்மைக்குள்ள இருக்கிற ஆளு வெளிய தெரியுமாக்கும்?

— பழைய ஆளு ஆடுனா வாலு இடது பக்கம் போகும். இவன் ஆடுறான், வாலு சும்மா தொங்குது. இவனுக்கு ஆடுறதுல பிரியம் இல்ல.

— பாவம், வேகுதுல்ல உள்ள.

— வேகட்டும். நான் ரசிகன். எனக்கு வாலு ஆடணும்.

— வரிசை நகருது, நடங்க. கடைசி சீட்டுதான், சொல்லிட்டேன்.

— முன் சீட்டு.

— முன்னாடி உக்காந்தா விழப்போற பள்ளம் தெரியும். பின்னாடின்னா தெரியாம விழுந்துரலாம்.

— தெரிஞ்சு விழுறதுதான் நல்லது.

— உங்களுக்கு. எனக்குத் தாங்காது.

— அப்ப நடுவுல உக்காருவோம்.

— நடுவுல உக்காந்தா ஒரு எளவும் தெரியாது. அதுக்கு டவுன் பஸ்ஸுல போகலாம்.

— சரி, கடைசி சீட்டு. இன்னைக்கு ஒரு நாளு.

— என்ன இன்னைக்கு ஒரு நாளு?

— ...ஒண்ணுமில்ல. செருப்பக் கழட்டிப் போடு.

*

— என்னங்க, சத்தமே போடல?

— நீ போடுவேன்னு இருந்தேன்.

— நீங்க போடுவீகன்னு நான் இருந்தேன்.

— பின்னாடி உக்காந்திருந்த... இல்ல, பின்னாடி யாரும் இல்ல. முன்னாடி இருந்தவன் திரும்பிப் பாத்தான். இவுக ஏதோ எளவு வீட்டுக்குப் போற மாதிரி உக்காந்திருக்காகன்னு நினைச்சிருப்பான்.

— கண்ண மூடிட்டீக.

— மூடல.

— பள்ளத்துல மூடிட்டீக. நான் பாத்தேன்.

— ரைடத்தான் பாத்தேன்னு சொன்ன?

— ...பசிக்குது. சேவு கொண்டாந்தீகளா?

— துண்டுக்குள்ள இருக்கு. சாத்தூர்ல இறங்கி வாங்குனேன். கேட்டுல பைய அமுக்கிப் பாத்தாக. துண்டு ஏன் சார் மொறுமொறுங்குதுன்னு கேட்டாக.

— என்ன சொன்னீக?

— காய வச்ச துண்டுன்னேன்.

*

— அலைக்குளத்துல இப்ப சங்கு ஊதுறதே இல்ல, கவனிச்சியா?

— பாட்டுப் போடுறான். நாம வந்துட்டுப் போன அன்னைக்கோட சங்க நிறுத்திட்டான்.

— பாட்டுப் போட்டா அலை வருதுன்னு யாருக்குத் தெரியும்? பார்வையாளர் பாதுகாப்புன்னு ஒண்ணு இருக்குல்ல.

— அத நீங்க சொல்லக் கூடாது. நம்ம கம்பெனி ஆளுகளாலதான் நிறுத்துனான்.

— அவுக என்ன பண்ணுவாக? கம்பெனி டூருன்னு ரெண்டு பஸ்ஸுல வந்தாக. பொம்பளை ஆளுக பூராம் முதல் தடவையா தண்ணிக்குள்ள நிக்கிறாக. அலை விடுறதுக்கு முன்னாடி இவன் சங்க ஊதுனான்.

— ஊதி முடிக்கல. ஒருத்தர் தண்ணியில இல்ல.

— தங்கத்தாய்க்கு முட்டு வலி. வருசக்கணக்கா வெடிமருந்து ரூமுக்கு நொண்டி நொண்டித்தான் வரும். அன்னைக்கு முதல்ல மரத்தடிக்குப் போனது அதுதான்.

— ஈரச் சேலையோட வரிசையா நிக்கிறாக. போர்மேன் சண்முகவேல் பேரு சொல்லி எண்ணுறாரு. கம்பெனியில ஆபத்துச் சங்கு ஊதுனா என்ன பண்ணுவாகளோ, அத அப்படியே.

— வேற ஊருல இருந்து வந்தவகளும் பயந்துபோயி வந்து வரிசையில நின்னுட்டாக. மதுரைக்காரரு ஒருத்தரு, என் பேர வாசிக்கவே இல்லையேன்னு சண்முகவேல்கிட்ட சண்டைக்குப் போனாரு.

— மேனேஜர் ஓடியாந்து, என்னய்யா ஆச்சுன்னா, இவரு ரெண்டு ஆளு குறையுதுங்காரு.

— குறைஞ்சது நாமதான்.

— நீங்க எங்க போனீகளோ?

— நான் உன்னத் தேடி லேடீஸ் பக்கம் ஓடுனேன். அங்கன ஒரு அம்மா என்னைத் துடைப்பத்தால அடிச்சுது.

— நான் உங்களத் தேடி ஜென்ட்ஸ் பக்கம் போயிட்டேன். துடைப்பம் இல்ல. எல்லாரும் ஓடிட்டாக.

— ரெண்டு பேரும் மரத்தடியில போயி நின்னிருந்தா ஒரு நிமிசத்துல பாத்திருக்கலாம்.

— தோணலையே.

— ...தோணல.

— எல்லாருக்கும் சோளம் அவிச்சுக் குடுத்து மன்னிப்புக் கேட்டான். நமக்கு ரெண்டு வருச ஜோடி பாஸ்.

— அந்தப் பாஸு வந்த மறுவாரந்தான் அந்தச் சத்தம்.

— ஆமா. மறுவாரந்தான்.

— ...சோம்பேறி ஆத்துக்குப் போவமா?

— வாங்க.

*

— தனித்தனி டியூப் கேட்டேன். ஜோடி பாஸுக்கு ரெட்டை டியூப்தானாம்.

— சலுகை.

— காலத் தள்ளி வையி. டியூப் சாயுது.

— நான் எங்க சாய்க்கேன்? நீங்க நடுவுல உக்காருங்க.

— இந்த ஆறு போன தடவைய விட மெதுவாப் போகுது.

— மோட்டார மிச்சம் பிடிக்கிறான்.

— வியாழக்கிழமை முடிஞ்சா அப்புறம் பாக்க வேண்டிய வேலையே இல்ல, என்ன?

— இல்ல. பாஸும் முடிஞ்சுது.

— ஓசியில வந்த பாஸ வீணாக்கக் கூடாதுன்னுதான வந்தோம்.

— அதுக்குத்தான் வந்தோம்.

— அப்ப கடைசியா ஒண்ணு கேக்கணும். கேட்டா கோவிக்கக் கூடாது.

— கேளுங்க.

— அன்னைக்கு உங்க அம்மாகிட்ட அம்புட்டு நேரம் என்னதான் பேசிட்டு இருந்த?

— சொன்னேன்ல. மொளகாப்பொடி.

— அம்புட்டு நேரமுமா?

— மல்லியும் சேத்து.

— பக்கத்து யூனிட்டு வெடிச்சு, ஓடு பறந்து வந்து நம்ம காம்பவுண்டுக்குள்ள விழுது. ஆளுகள எல்லாம் வெளிய விரட்டிட்டு, எண்ணிப் பாத்துட்டு, ரோட்டுல நின்னு உனக்குப் போடுறேன். ‘நீங்கள் அழைக்கும் வாடிக்கையாளர் வேறொரு அழைப்பில் இருக்கிறார்’ங்குது. மறுபடியும் போடுறேன். மறுபடியும் அதே பொம்பளை. போன்ல சார்ஜு தீர்ற வரைக்கும் அந்தப் பொம்பளைகிட்டதான் பேசுனேன்.

— எனக்கும் தெரியும் அந்தப் பொம்பளைய.

— என்னது?

— எல்லாருக்கும் தெரிஞ்ச குரலுதானன்னு சொன்னேன்.

— கல்யாணமான மறுநாளே படிச்சுப் படிச்சுச் சொன்னேன். சத்தம் கேட்டா நீ போன் போடாத. ஊரே ஊருக்குப் போன் போடும். நீ லைன சும்மா வச்சுக்கிட்டு உக்காரு, நானே போடுவேன்னு.

— சொன்னீக. நல்ல சட்டந்தான்.

— நீதான் மதிக்கல.

— ஆமா. மதிக்கல.

— மதிக்கலன்னு இம்புட்டு லேசாச் சொல்ற!

— வேற எப்படிச் சொல்ல? நீங்க மட்டும் எனக்கே போட்டுக்கிட்டு இருந்தீகளாக்கும்? எங்க அண்ணன் போட்டுப் பாத்தான். உங்க லைனும் எங்கேஜ்டாத்தான் இருந்துச்சு.

— உனக்குத்தான் போட்டுக்கிட்டு இருந்தேன்னு அன்னைக்கே சொன்னேன். நம்பல நீ.

— நம்பல. அப்புறம் நீங்களே ஒத்துக்கிட்டீக. ஆமா, எங்க அம்மாகிட்டதான் பேசுனேன், இப்ப என்னங்கிறன்னு கத்துனீக.

— அது கோவத்துல சொன்னது.

— எது கோவம், எது நெசம்னு எனக்கு எப்படித் தெரியும்? செத்துப் பொழச்சவரு பெத்தவகிட்ட முதல்ல பேசுறதுல ஒரு தப்பும் இல்ல. எனக்குத்தான் மனசு கேக்கல.

— எனக்கும்தான் மனசு கேக்கல. நான் இருக்கேனா போயிட்டேனான்னு தெரியாம மொளகாப்பொடி பேசிருக்கியேன்னு... மேலெல்லாம் கரியோட வீட்டு வாசல்ல வந்து நிக்கிறேன். கதவத் தொறந்த. என்ன கேட்ட?

— சாப்பிட்டீகளான்னு கேட்டேன்.

— சாப்பிட்டீகளான்னு கேட்ட!

— சாப்பிடலதான?

— ...சாப்பிடல.

— வேற ஒண்ணும் வாயில வரல எனக்கு. உடனே நீங்க, லைன ஏன் பிஸியா வச்சன்னு கத்துனீக.

— பயம். பயந்தா கத்துவேன்.

— எனக்குப் பயந்தா வாய் அடைச்சுப்போகும்.

— இறங்கிருவமா?

— போர்டு பாக்கலையா? நடுவுல இறங்கக் கூடாது.

— இன்னும் ஒரு சுத்து இருக்கே.

— இருக்கட்டும்... இப்ப சத்தம் கேட்டா யாருக்குப் போடுறீக?

— யாருக்கும் போடல. வெளிய வந்து ஆளுகள எண்ணுவேன். அப்புறம் போன கையில வச்சுக்கிட்டு நிப்பேன்.

— உங்க அம்மாவுக்கு?

— அம்மாவுக்கு அண்ணன் போட்டுருவான். என்னைக்கும் அவன்தான் போடுவான். அம்மாவுக்கு என் நம்பரே தெரியாது... ஏன் கையத் தண்ணியில இருந்து எடுத்துட்ட?

— ஒண்ணுமில்ல. தண்ணி குளிருது.

*

— நேரமாச்சு. எப்பவும் வெயிலு இருக்கையிலயே கிளம்பிருவோம். இன்னைக்கு இருட்டிருச்சு.

— நீதான இன்னொரு தடவ மலைப்பாம்புல ஏறணும்ன.

— நீங்கதான இன்னொரு தடவ சோளம் சாப்பிடணும்னீக.

— சோளம் நல்லாத்தான் இருந்துச்சு. வெண்ணெய்தான் குறைச்சுட்டான்... அந்த ஜோடி சோபாவுல சும்மா பத்து நிமிசம் உக்காந்துட்டுப் போவமா?

— வேட்டு பாக்கவா? வேண்டாம்ங்க.

— வாரம் பூராம் அதுகூடத்தான் கிடக்கேன், எனக்கும் ஆசை இல்ல. சோபாவுக்காகச் சொன்னேன். ரசிகர் யாரும் அத பத்தி எழுதுனதில்ல.

— சத்தம் கேட்டா இப்பவும் எனக்கு ஆகாது. நீங்க வேணும்னா உக்காந்து பாத்துட்டு எழுதுங்க. நான் படிச்சுக்கிறேன்.

— ஜோடி சோபாவுல ஒத்தையா உக்காந்தா மைக்குல என்னன்னு சொல்லுவாக?

— அதுவும் சரிதான்.

— அப்ப நீ போயி துணி மாத்து. நான் பிரேம வாங்கிட்டுக் கிளம்புறேன்.

— கேட்டுல நிக்க வேண்டாம். யாராச்சும் பாத்தா வம்பு. அப்படியே அவுகவுக பஸ்ஸுக்குப் போயிருவோம்.

— சரி.

— சேவு மிச்சம் இருக்கு. எடுத்துக்கிடுங்க.

— நீ வச்சுக்கோ. உனக்குத்தான் வாங்குனேன்.

— சரி... வாரேன்.

— பிரீத்தி.

— என்ன?

— குரூப்ப விட்டுப் போயிராத.

— பார்க் அப்டேட் வரும்ல. இருப்பேன்.

*

— எடு... எடு பிரீத்தி... எடுடி...

— சார், பிரேமு கேட்டுட்டேன் சார். மேனேஜர் குடுக்கச் சொல்லிட்டாரு. போட்டோ இல்லாமக் குடுக்கிறது இதான் முதல் தடவை, கையெழுத்து மட்டும்...

— என்ன சத்தம் அது? எங்க வெடிச்சுது?

— எதுவும் வெடிக்கல சார். வாணவேடிக்கைக்கு முன்னாடி ஒரு வேட்டு போட்டுப் பாப்பாங்க. குளத்துக்கு அந்தாண்ட.

— லேடீஸ் ரூம் பக்கமா?

— அதுக்கும் ரொம்பத் தள்ளி. நீங்க எப்பவும் வெளிச்சத்துலயே போயிருவீங்க சார், அதான் இந்தச் சத்தம் கேட்டதில்ல. உக்காருங்க, உக்காருங்க.

— மறுபடியும் அதே பொம்பளை.

— எந்தப் பொம்பளை சார்?

— வேறொரு அழைப்பில் இருக்கிறாராம். இப்பவும் வேறொரு அழைப்பில்தான் இருக்கிறாராம்!

— மேடம் வீட்டுக்குப் பேசிட்டு இருப்பாங்க சார்.

— தெரியும். மொளகாப்பொடி.

— சார்?

— ஒண்ணுமில்லம்மா. எங்கன கையெழுத்துப் போடணும்?

— இங்க சார்... அட, மேடமே ஓடி வர்றாங்க பாருங்க. கால்ல செருப்புக்கூட இல்ல.

— ஏங்க! ஏங்க... இங்கனயா இருக்கீக... ஒண்ணும் ஆகலையே உங்களுக்கு?

— ஒண்ணும் ஆகல. வேட்டு போட்டுப் பாத்தாகளாம். குளத்துக்கு அந்தப் பக்கம்.

— போட்டுப் பாத்தாகளா...

— ஆமா. நீ மூச்சு விடு முதல்ல.

— சாப்பிட்டீகளா?

— உன்கூடத்தான சாப்பிட்டேன்.

— ஆமால்ல.

— ஏன் அழுகிற?

— அழுகல. தலை ஈரம்.

— மேடம், தப்பா நினைக்காதீங்க. சோபாவுக்கு இப்பப் பேரு குடுக்கணும். வேண்டாம்னா அடுத்த ஜோடிக்கு விட்டுரலாம், ஒரு ஜோடி ரொம்ப நேரமா கேட்டுக்கிட்டு...

— கொஞ்சம் பொறும்மா. பிரீத்தி, இங்க பாரு. கத்த மாட்டேன். சத்தியமாக் கத்த மாட்டேன். நான் போட்டுக்கிட்டே இருக்கேன், லைன் கிடைக்கல. இந்தப் பதட்டத்துலயும் உங்க அம்மாகிட்ட என்ன பேச்சு?

— எங்க அம்மாகிட்ட நான் எப்பங்க பேசுனேன்? எங்க அண்ணனும் போடல, ஒருத்தரும் போடல... நீங்க போடக் கூடாதுன்னு சொல்லிட்டீகளேன்னு அம்மா பேரச் சொன்னேன். இந்தா, போன நீங்களே பாருங்க. உங்களுக்குத்தான் போட்டுக்கிட்டே இருந்தேன்... இப்பவும், அன்னைக்கும்.